யாரும் ஏறாத உச்சியில் ஒரு கோணம்



1997 மே 23-ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் நம் நாட்டுக் கொடியைப் பிடித்து நின்றார்கள். மலேசியாவிலிருந்து அங்கே முதன்முதலில் ஏறிய இருவருமே நம் தமிழ்ப் பிள்ளைகள். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் நம்ம வீடுகளில் இந்தக் கதை தெரியாதவங்க குறைவு. டென்சிங்கும் ஹில்லாரியும் 1953-ல் ஏறியதும் எல்லாருக்கும் தெரியும். நான் இப்போ எழுத வந்தது ஏறியவர்களைப் பற்றி இல்லை. அந்த மலையின் பக்கமே போகாமல், வெகு தூரத்தில் மேசை முன்னால் உட்கார்ந்து, அதன் உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் முதன்மையான ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ராதாநாத் சிக்தார்.

இவரைப் பற்றி எழுதணும்னு தோன்றியதற்குக் காரணம் ஒரு படிவம் 4 தங்கச்சி. சுபாங் ஜெயாவில் நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சில பேர் சேர்ந்து கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் நடத்துகிறோம். கூடுதல் கணிதப் பாடத்தில் ஒரு கேள்வி: ஒரு முக்கோணத்தின் மூன்று உச்சிகளுடைய ஆயத்தொலைவுகள், அதாவது கோஆர்டினேட், மட்டும் கொடுத்திருக்கு, ஓர் உச்சியில் உள்ள கோணத்தைக் கண்டுபிடிக்கணும். அந்தப் பிள்ளை கணக்கை ஒழுங்காகப் போட்டு முடித்துவிட்டு, இதைப் போய் யாருண்ணா நிஜத்துல பயன்படுத்துறாங்க, வரைஞ்சு கோணமானியை வெச்சுப் பார்த்தா போச்சேன்னு கேட்டாள். நல்ல கேள்வி. கோணமானியை வைக்க முடியாத இடத்தில் ஓர் உச்சி இருந்தா என்ன பண்றது? அங்கே யாருமே போக முடியாதுன்னா? அந்தக் கேள்விக்குப் பதிலாகவே வாழ்ந்துவிட்டுப் போன மனுஷன்தான் ராதாநாத்.

1813 அக்டோபரில் கல்கத்தாவின் ஜொராசங்கோ பகுதியில் பிறந்தார். பின்னாளில் தாகூர் பிறந்த அதே ஜொராசங்கோ. அப்பா பெயர் தித்துராம் சிக்தார். பெரிய வசதி எதுவும் இல்லாத குடும்பம். 1824-ல் ஹிந்து கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஹென்றி டெரோசியோ என்ற இளம் ஆசிரியர் இருந்தார். மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே என்று பிள்ளைகளைப் பழக்கினார். ஊர் பெரியவர்களுக்குக் கோபம் வந்து 1831-ல் அவரைக் கல்லூரியைவிட்டே அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், 22 வயதில், அவர் இறந்தும் போனார். அவரிடம் படித்த பிள்ளைகளில் ராதாநாத்தும் ஒருவர்.

கணிதம் சொல்லிக்கொடுத்தவர் ஜான் டைட்லர் என்ற இன்னோர் ஆசிரியர். அவரிடம் ராதாநாத் நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் பாடம் கேட்டார். இந்தியர்களில் அந்த நூலை முறையாகப் படித்த முதல் சிலரில் இவரும் ஒருவர். இரண்டு வட்டங்களுக்குப் பொதுவான தொடுகோடு வரைவதற்கு ஒரு வழியைத் தானாகக் கண்டுபிடித்தார். மாணவனாக இருக்கும்போதே அது அச்சில் வந்தது. சமஸ்கிருதமும் படித்தார். ஐரோப்பிய அறிவியல் நூல்களை நம் மொழிகளுக்குக் கொண்டுவரணும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

அப்போது இந்தியாவில் பெரிய முக்கோண அளவை என்று ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. இது தொடங்கிய இடம் நம்ம சென்னை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை அளக்கவே 57 நாள் ஆச்சு. அதற்குப் பிறகு சங்கிலி அதிகம் தேவையில்லை. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் கிடைத்துவிடும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே சங்கிலி மாதிரி கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரைக்கும் போனார்கள்.

குன்றே இல்லாத ஊரில் கோயில் கோபுரம்தான் குன்று. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டமே நெளிந்துபோச்சு. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். ராஜராஜன் கட்டிய கோயிலுக்கு இப்படி ஒரு பொறியியல் கதையும் இருக்கு. பின்னாளில் இந்தக் கருவிகளைப் பழுதுபார்த்து மெருகேற்றியவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின்.

லாம்டனுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மலைக்குப் பெயர் போன அதே எவரெஸ்ட். பூமி உருண்டையாக இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருக்கு. எவ்வளவு தட்டை என்பதற்கு இந்த முக்கோணச் சங்கிலியை வைத்து அவர் 1830-ல் ஓர் அளவு சொன்னார். நமக்கும் அதில் பங்கு உண்டு. நில அளவை வகுப்பில் தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்களை விரித்துப் பார்த்தால் ஓரத்தில் கெர்தாவ் என்ற பெயரும், திருத்தப்பட்ட எவரெஸ்ட் அளவு என்ற குறிப்பும் இருக்கும். கெர்தாவ் பகாங்கில் உள்ள மலை. ஜி.டி.எம். 2000 என்ற புதிய அடிப்படை வரும்வரை, கிள்ளானில் ஒரு வீட்டு மனையின் ஆயத்தொலைவைச் சொல்வதற்குக்கூட, தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த முக்கோணங்களிலிருந்து பிறந்த எண்களைத்தான் நாம் பயன்படுத்தினோம்.

1831-ல் எவரெஸ்ட்டுக்குக் கணக்குப் போட ஆள் வேண்டியிருந்தது. சாதாரணக் கணக்கு இல்லை, கோள முக்கோணவியல் தெரிந்த ஆள். டைட்லரிடம் கேட்டார். டைட்லர் ராதாநாத்தைக் கைகாட்டினார். டெரோசியோ இறந்த அதே டிசம்பரில், 18 வயதில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ராதாநாத் வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் அது பெட்டியின் பெயர் இல்லை, மனிதரின் பெயர். காலையில் வந்து மடக்கை அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு மாலைவரை கூட்டிக் கழிக்கும் மனிதர்.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, படிவம் 4 அளவுதான்.

மூன்று உச்சிகள்: ஏ (1, 1), பி (5, 1), சி (4, 4). ஏ-யில் உள்ள கோணம் வேணும். முதலில் பக்கங்களின் நீளம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று கழித்து, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் நீளத்தின் வர்க்கம் கிடைக்கும். ஏபி-யின் வர்க்கம் 16, ஏசி-யின் வர்க்கம் 18, பிசி-யின் வர்க்கம் 10. இனி கோசைன் விதி. கோணத்தை ஒட்டியுள்ள இரண்டு பக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டு, எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தைக் கழி: 16 + 18 − 10 = 24. அந்த இரண்டு பக்கங்களின் நீளத்தையும் பெருக்கி இரட்டிப்பாக்கு: 2 × 4 × 4.243 = 33.94. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.7071. அது 45 பாகையின் கோசைன். ஆக ஏ-யில் 45 பாகை.

பல்கலைக்கழகத்தில் இதையே வெக்டர் பெருக்கலில் இரண்டு வரியில் முடித்துவிடுவோம். ஆனால் முறை எதுவானாலும் ஒரு பழக்கம் முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு கோணம் கண்டுபிடித்ததும் மூன்றாவதை 180-லிருந்து கழித்து எழுதிவிடுவார்கள். நில அளவையில் அப்படிச் செய்யக்கூடாது. மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடணும். பி-யில் 71.57, சி-யில் 63.43. இப்போ கூட்டுங்க: 45 + 71.57 + 63.43. சரியாக 180. கழித்து எழுதியிருந்தால் தப்பு இருந்தாலும் 180 வரும், தப்பு ஒளிந்துகொள்ளும். தனியாகப் போட்டால்தான் அது வெளியே வரும். ராதாநாத்தின் அலுவலகத்தில் ஒரே கணக்கை இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் போடும் வழக்கம் இருந்ததும் இதனால்தான்.

அவர் கணக்கு இவ்வளவு சுலபமா என்றால், இல்லை. காகிதத்தில் 180 வரும். பூமியின் மேல் வராது! தரை வளைந்திருப்பதால் பெரிய முக்கோணத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 180-ஐவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 30 மைல் உள்ள முக்கோணத்தில் சுமார் 5 வினாடி அதிகம். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வினாடி. இத்தனை சின்ன அளவைப் பிடித்து, அது அளந்தவரின் தப்பா இல்லை பூமியின் வளைவா என்று பிரித்துச் சொல்வதுதான் கணக்கரின் வேலை. நமக்குக் கால்குலேட்டரில் ஒரு பொத்தான். அவருக்கு ஏழு தசம இடம் உள்ள அட்டவணை, மசி, காகிதம், எண்ணெய் விளக்கு. (சைன் என்ற சொல்லே நம் ஜ்யாவிலிருந்து அரபு வழியாக லத்தீனுக்குப் போய்த் திரிந்த சொல். ஆரியபடர் 499-ல் 24 ஜ்யா மதிப்புகளைத் தந்திருக்கிறார். இதை ராதாநாத் போன்ற சமஸ்கிருதம் அறிந்தவர் நிச்சயம் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.)

எவரெஸ்ட் கண்டிப்பான ஆள், கோபக்காரர். யாரையும் எளிதில் பாராட்டமாட்டார். ஆனால் ராதாநாத் விஷயத்தில் மட்டும், இந்தியாவில் உள்ள ஐரோப்பியரிலும் சரி, இந்தியரிலும் சரி, கணிதத்தில் இவருக்கு ஈடாக மிகச் சிலரே இருப்பார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். அப்பா தித்துராமுக்கே கடிதம் போட்டு, டேராடூனுக்கு வந்து உங்கள் மகனை இங்கே எவ்வளவு மதிக்கிறோம் என்று பாருங்கள் என அழைத்தார். வேறு வேலைக்குப் போகிறேன் என்று ராதாநாத் கேட்டபோது அவரை விட எவரெஸ்ட்டுக்கு மனம் வரவில்லை.

இப்படி நல்ல பெயரோடு இருந்த ஆள் 1843-ல் ஒரு காரியம் செய்தார். எனக்கு எவரெஸ்ட் கணக்கைவிட இது பெரிசாகத் தெரிகிறது.

டேராடூன் பக்கம் அளவை வேலைக்குக் கூலியாட்கள் இருந்தார்கள். கருவிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து மலையேறுபவர்கள். வான்சிட்டார்ட் என்ற மாஜிஸ்திரேட் ஊருக்கு வந்தபோது, ராதாநாத்தின் பொறுப்பில் இருந்த இந்த ஆட்களைப் பிடித்துத் தன் மூட்டை முடிச்சுகளைச் சுமக்கவைத்தார். கூலி கிடையாது. அந்தக் காலத்தில் துரைமார்கள் இதைப் பெரிய தப்பாக நினைக்கவே இல்லை. வடக்கே பேகார் என்பார்கள். தமிழில் இதற்குச் சோழர் காலக் கல்வெட்டிலேயே சொல் இருக்கிறது: வெட்டி. கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. இன்னிக்கு நாம சும்மா உட்கார்ந்துகொண்டு, வெட்டியா இருக்கேன்னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு பாரம் இருக்கு.

ராதாநாத் என்ன செய்தார்? மாஜிஸ்திரேட்டின் மூட்டைகளை நிறுத்திவைத்தார். என் ஆட்களை யார் அனுமதியில் எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. மாஜிஸ்திரேட் நேரில் வந்து சத்தம் போட்டும் அவர் இறங்கி வரவில்லை. விஷயம் வழக்காகி, ராதாநாத்துக்கே 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 30 ரூபாய் சம்பளத்தில் தொடங்கியவருக்கு 200 ரூபாய் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வழக்கின் விவரங்களைக் கல்கத்தாவில் அவருடைய பழைய கல்லூரி நண்பர்கள் நடத்திய பெங்கால் ஸ்பெக்டேட்டர் இதழில் போட்டார்கள். ஊர் பேசியது. அதே 1843-ல்தான் எவரெஸ்ட்டும் ஓய்வு பெற்று இந்தியாவைவிட்டுப் புறப்பட்டார். தன்னைப் பிடித்துவைத்திருந்த பெரிய ஆள் போகிற நேரத்தில் ஒரு வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை எதிர்த்து நிற்பது என்பது வேலைக்கே உலை வைக்கிற விஷயம்.

என் பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர். தோட்டத்துக் கதைகளில் கங்காணி வருவார், கிராணி வருவார், துரை வருவார். நம்மைப் போலவே படித்த, நம் மொழி பேசுகிற கிராணிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். சில பேர் ஆட்களுக்காகப் பேசினார்கள், பல பேர் துரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள் என்பார் பாட்டி. ராதாநாத் சுமை தூக்குகிறவர் இல்லை. அவர் உட்கார்ந்து எழுதுகிறவர். அன்றைக்கு மூட்டையை நிறுத்தாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. அந்த அபராத ரசீதுதான் இவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஆவணம்.

1849-ல் கல்கத்தா அலுவலகத்துக்குத் தலைமைக் கணக்கராக வந்தார். அந்தச் சமயத்தில்தான் இமயமலைச் சிகரங்களின் அளவுகள் வந்து குவியத் தொடங்கின. அதுவரை கஞ்சன்சங்கா தான் உலகின் உயரமான மலை என்று நினைத்திருந்தார்கள். நேபாளம் அளவைக்காரர்களை உள்ளே விடவில்லை. அதனால் பீகார்ச் சமவெளியில், நூறு மைலுக்கும் அதிகமான தூரத்திலிருந்து பார்க்கவேண்டியிருந்தது. காடு, மழை, மலேரியா. எத்தனையோ பேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். 1849 கடைசியிலும் 1850 தொடக்கத்திலும் ஜேம்ஸ் நிக்கல்சன் ஆறு இடங்களில் கருவியை நிறுத்தி, பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டும் கொடுத்திருந்த ஒரு முனையைக் குறித்துவைத்தார்.

இப்போ அந்தத் தங்கச்சியின் கேள்வி. தமிழில் முக்கோணத்துக்கும் உச்சி, மலைக்கும் உச்சி, ஒரே சொல். சமவெளியில் லட்னியா, ஹர்பூர் என்று இரண்டு இடம். இரண்டின் ஆயத்தொலைவும் தெரியும். அப்படின்னா அவற்றுக்கு நடுவில் உள்ள தூரமும் திசையும் கணக்கில் வந்துவிடும். லட்னியாவில் நின்று ஹர்பூருக்கும் மலைக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளக்கலாம். ஹர்பூரிலும் அப்படியே. மூன்றாவது கோணம் மலை உச்சியில். அங்கே யார் போய்த் தியோடலைட்டை வைப்பது? மனிதக் கால் படுவதற்கே இன்னும் நூறு வருஷம் இருக்கு. அந்தக் கோணத்தைக் கணக்கில்தான் எடுக்கணும். கீழே இருந்து பார்க்கிற இரண்டு இடமும் கிட்ட கிட்ட, மலையோ எட்ட. அதனால் அந்த மூன்றாவது கோணம் மிகக் குறுகலாக இருக்கும். குறுகலான கோணத்தில் சின்னத் தப்புகூட தூரத்தைப் பெரிசாக ஏமாற்றிவிடும். அதனால்தான் இரண்டு இடம் போதாது, ஆறு இடம்.

தூரம் கிடைத்ததும் உயரம் சுலபம் என்று தோன்றும். நூறு மைல் தள்ளி நின்று பார்த்தால் உலகின் மிகப் பெரிய மலை அடிவானத்துக்கு மேலே இரண்டு பாகை சொச்சம்தான் தெரியும். அதில் ஒரு வினாடி தப்பினால் மலை மூன்று அடி ஏறும், இல்லை இறங்கும். 110 மைல் தூரத்தில் பூமியின் வளைவு மட்டும் சுமார் 8000 அடியை மறைத்துவிடும். அது போக, காற்றில் ஒளி வளைந்து வருவதால் மலை இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அதனால் வரும் வித்தியாசமே ஆயிரம் அடிக்கு மேல். விடியற்காலையில் ஓர் அளவு, மதியம் வேறோர் அளவு. இந்த ஒளிவிலகலை எப்படிக் கழிப்பது என்பதில்தான் உண்மையான மூளை வேலை இருந்தது.

ஆறு இடத்திலிருந்தும் ஆறு உயரம் வந்தது. மிகக் குறைவானது 28,990 அடி. மிக அதிகமானது 29,026 அடி. நூறு மைல் தாண்டிப் பார்த்ததில் வித்தியாசம் 36 அடி! சராசரி 29,002. இன்று செயற்கைக்கோள் கருவியை உச்சியிலேயே வைத்து 2020-ல் அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். அன்றைய கணக்கு ஏறக்குறைய 8840 மீட்டர். தப்பு ஒன்பது மீட்டர்தான்.

1852-ல் ராதாநாத் தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வாவின் அறைக்குள் ஓடிப்போய், உலகின் உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினார் என ஒரு கதை உண்டு. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் நம்ம குழுக்களில் சுற்றுகிறது, கடைசியில் வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்ற வரியோடு. நான் இதை அனுப்புவதில்லை. அப்போது ராதாநாத் இருந்தது கல்கத்தாவில். வாவின் தலைமையகம் டேராடூனில். நடுவில் ஓடிப்போகிற தூரமா அது? அதோடு, அளந்தவர் நிக்கல்சன். டேராடூனிலும் ஹென்னசி போன்ற கணக்கர்கள் இருந்தார்கள். கூட்டு வேலை. ராதாநாத் அந்தக் கணக்கு முறைகளுக்கெல்லாம் தலையாக நின்றவர், தலைமைக் கணக்கர். இவ்வளவு போதாதா? இதைவிடப் பெரிசாக்கிச் சொன்னால், முதல் தடவை யாராவது சரிபார்க்கும்போது, செய்த வேலையும் சேர்ந்து பொய்யாகத் தோன்றிவிடும்.

வா நாலு வருஷம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு 1856 மார்ச்சில்தான் அறிவித்தார். உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லித் தன் பழைய தலைவரின் பெயரை வைத்தார். திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று அழைத்துவந்த மலை அது. எவரெஸ்ட்டுக்கே அந்தப் பெயர் சூட்டுவதில் முழுச் சம்மதம் இல்லை. இந்திய மக்கள் வாயில் நுழையாத பெயர் என்றார். 1865-ல் லண்டனில் அது நிலைத்தது.

மலையோடு ராதாநாத்தின் வேலை முடியவில்லை. கல்கத்தா வானிலை ஆய்வுக்கூடத்தையும் அவர் கவனித்தார். காற்றழுத்தமானியின் அளவுகளை எந்த வெயிலில் எடுத்தாலும் ஒரே வெப்பநிலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு சூத்திரம் தந்தார். 1854-ல் நண்பர் பியாரி சந்த் மித்ராவோடு சேர்ந்து மாசிக் பத்ரிகா என்ற மாத இதழைத் தொடங்கினார். பெண்கள் படிக்கவேண்டும் என்பதற்காகப் பண்டித வங்காளியை ஒதுக்கிவிட்டு, வீட்டில் பேசுகிற வங்காளியில் எழுதினார்கள். இந்த இதழில் நானும் இப்படிப் பேச்சும் எழுத்தும் கலந்து எழுதுவதைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர்கள் அவரிடம் சண்டைக்குப் போகலாம்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இது இந்து இளைஞர் இதழ் என்பதால். அவர் ஆசாரமான மனிதர் இல்லை. சாப்பாட்டிலும் சடங்கிலும் ஊர் வழக்கத்தை மீறினார். சின்னப் பெண் குழந்தையைக் கட்டிவைக்கப் பார்த்தபோது மறுத்தார். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. குழந்தைத் திருமணத்தை மறுத்ததை இன்று நாம் எல்லாரும் கைதட்டி ஏற்போம். மற்றதில் அவரோடு உடன்படாதவர்கள் இருக்கலாம், நானும் எல்லாவற்றிலும் உடன்படவில்லை. ஆனால் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டி வைத்தால் அது அவர் வாழ்க்கை இல்லை, நம் போஸ்டர்.

1862-ல் ஓய்வு பெற்றார். பிறகு இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி எனப்படும் நிறுவனத்தில் கணிதம் கற்பித்தார். 1864-ல் ஜெர்மனியில் பவேரியாவின் இயற்கை அறிவியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. சந்தன்நகரில், ஹூக்ளி ஆற்றங்கரையில், கோந்தல்பாடா என்ற இடத்தில் வாழ்ந்து 1870 மே 17 அன்று காலமானார்.

இறந்த பிறகுதான் அந்த இன்னொரு விஷயம் நடந்தது. 1851-ல் இந்திய நில அளவைக்கான கையேடு ஒன்று வெளிவந்திருந்தது. தொகுத்தவர்கள் ஸ்மித், துய்லியர் என்ற இரண்டு அதிகாரிகள். அதில் கணிதம் கனமாக இருந்த பகுதிகளை எழுதியவர் ராதாநாத். முதல் பதிப்பின் முன்னுரையில் அதைத் தெளிவாகச் சொல்லி நன்றியும் கூறியிருந்தார்கள். 1875-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதிகள் அப்படியே இருந்தன. முன்னுரையில் அவர் பெயர் மட்டும் இல்லை.

அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டது இந்தியர்கள் மட்டும் இல்லை. ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா என்ற ஆங்கிலேயர் பத்திரிகை 1876-ல் இதைச் செத்தவரிடம் அடித்த கொள்ளை என்கிற அளவுக்குக் கண்டித்தது. கர்னல் மெக்டொனால்ட் என்ற அளவைத்துறை அதிகாரியும் எதிர்த்து எழுதினார். ராதாநாத்துக்கு அவர் உறவா, ஊரா? ஒன்றும் இல்லை. அதே புத்தகத்தில் தொழில் கற்றவர், அவ்வளவுதான். எழுதியதற்காக அவரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பதவியிலும் கீழே இறக்கினார்கள்.

2004-ல், பெரிய முக்கோண அளவையை நினைவுகூர இந்திய அஞ்சல் துறை தபால்தலைகள் வெளியிட்டது. திபெத்துக்குள் மாறுவேடத்தில் நடந்தே போய் அளந்த நயின் சிங் ஒரு தலையில். இன்னொன்றில் ராதாநாத் சிக்தார்.